படத்தின் கீழ்ப்பாதி

மந்தாரக்குப்பம்
8 ஜூன் 2025

புவனா அக்காவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் மெயிலில் எழுது என்று சொன்னது நீ. சரி, எழுதுகிறேன். எழுத்தில் சண்டை போட முடியாது என்று உனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

கொச்சியிலிருந்து நீ அனுப்பிய பெட்டி வந்தது. கண் அசைவைப் படிக்கிற சென்சாரை உன் பழைய துப்பட்டாவில் சுற்றி அனுப்பியிருக்கிறாய். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். சென்சார் துணிமூட்டையாக வந்து இறங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மானிட்டருக்கு அடியில் அந்தக் கறுப்புப் பட்டையை ஒட்டி, இணைத்தாயிற்று. வேலை செய்கிறது. அதாவது ஜன்னல் வெயில் வந்தால் செய்யாது. கண்ணாடி போட்டவர்களுக்குப் பாதி நேரம் செய்யாது. கண்ணில் மை இருந்தால் சுத்தமாகச் செய்யாது. வீட்டுக்காரர் ஜானகியம்மாளை முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன். "பொண்ணு பாக்கவா வந்துகினு இருக்காங்க, மொகத்த கழுவிகினு வர்றதுக்கு" என்று கேட்டுவிட்டுத்தான் கழுவினார்.

இப்போது உன் படம். கம்மாபுரம் பக்கத்து வயல். மேலே வானம், நடுவில் பனைமரங்கள், கீழ்ப்பாதி முழுக்க நெல். நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலத்தை எடுத்து வெட்டிய பிறகு அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்திருக்கிறாய். பார்ப்பவரின் கண் எங்கே இல்லையோ அங்கே மட்டும் முதல் படம் துண்டு துண்டாகக் கழன்று, இரண்டாவது படம் வந்து உட்கார வேண்டும். கால் மணி நேரத்தில் வயல் சுரங்கமாகிவிடும். ஆனால் ஒரு துண்டு மாறுவதைக்கூட யாரும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். புரோகிராம் நன்றாகவே எழுதியிருக்கிறாய். அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதில் யாருக்கு என்ன கிடைக்கிறது? ஜானகியம்மாள் கடைசிவரை உட்கார்ந்துவிட்டு, "பாத்துகினே இருக்கேன், ஒண்ணும் ஆவலயே. வேற படம் இருந்தா போடு" என்றார். எதிரே முழுச் சுரங்கம் நிற்கிறது. என்னோடு கான்ட்ராக்டில் இருக்கும் அசீம், தினமும் மைன்ஸுக்குள் போய்வருகிறவன், ஆரம்பத்திலிருந்தே மைன்ஸ்தான் இருந்தது என்று சத்தியம் செய்கிறான். திரையும் பேச்சும் சேர்ந்து பதிவாகியிருந்ததை முதலிலிருந்து ஓட்டிக் காட்டினேன். நான் அவனை முட்டாளாக்கப் பார்க்கிறேன் என்று டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அப்பாவையும் உட்கார வை என்கிறாய். உன் பெயரை எடுத்தாலே எழுந்து போகிறவரை எப்படி உட்கார வைப்பது? மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ தரையில் பரப்பி வைத்திருந்த பிரிண்ட்கள் மேல் அவர் நடந்து போனதையும், "கண்ணு தெரியலையா" என்று நீ கத்தியதையும், "தெரியுது, இதெல்லாம் ஒரு படமா" என்று அவர் சொன்னதையும் நான் மறக்கவில்லை. நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். அவர் ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலிசெய்து இங்கே வந்து, ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறார். எல்லாம் எல்.கே.ஜி. பொடிசுகள். அந்த வேன்தான் இப்போது அவருக்கு ஷிப்ட், சம்பளம், மரியாதை எல்லாம். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

விஷ்ணு


மட்டாஞ்சேரி, கொச்சி
11 ஜூன் 2025

அன்புள்ள இன்ஜினியர் தம்பிக்கு,

துப்பட்டா பத்திரமாக இருக்கட்டும், எனக்குத் திரும்ப வேண்டும்.

"யாருக்கு என்ன கிடைக்கிறது" என்று நீ கேட்பதைத்தான் நான் மூன்று வருஷமாக எல்லோர் வாயிலிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜானகியம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அசீமுக்கு எப்போதும் சுரங்கம்தான். இதைவிட எனக்கு வேறென்ன கிடைக்க வேண்டும்? நம் கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில் நாம் எதையும் பார்ப்பதில்லை. பார்த்ததாக மூளை கணக்குக் காட்டுகிறது. நான் செய்வதெல்லாம் அந்தக் கணத்துக்குள் போய் ஒரு வயலைத் தூக்கிவிடுவதுதான்.

மஞ்சள் புள்ளிகளைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நடுநடுவே ஓரங்களில் ஒரு புள்ளி மின்னி மறையும், கவனித்திருப்பாய். அது படத்தில் சேர்ந்ததில்லை, உன் சென்சார் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கத்தான். ஓரத்தில் மின்னினால் எந்தக் கண்ணும் அங்கே தாவும். தாவவில்லை என்றால் சென்சார் பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

ஜூலைக் கடைசியில் இங்கே கண்காட்சி. அப்பா எனக்கு வேண்டும். சர்வீஸ் முழுக்க கன்வேயர் பெல்ட்டில் மண் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் அவர். என் படம் என்று சொல்லாதே. கம்பெனியில் ஏதோ சோதனை என்று சொல். பொய் சொல்ல வராது என்று ஆரம்பிக்காதே. எனக்காக ஒரு தடவை சொல்.

பு.


மந்தாரக்குப்பம்
15 ஜூன் 2025

அக்கா,

சொன்னேன். கான்ட்ராக்ட் கம்பெனியில் ஆபரேட்டர்களுக்கு வைக்கிற டெஸ்ட், முதலில் வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். அப்பா தலைசீவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நடந்ததைக் கேள். கீழ்ப்பாதி முழுக்க, வேறு யாருக்கும் ஆகாத வேகத்தில், ஐந்தே நிமிஷத்தில் சுரங்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி, மனிதர் அப்புறம் கீழே கண்ணைக் கொண்டு போகவே இல்லை. வானம், பனைமரம், மறுபடி வானம். எல்லாம் வெட்டி முடிந்த பிறகு சொல்கிறார்: "பயிர் நல்லா வந்திருக்கு. யார் நிலம்?"

மஞ்சள் புள்ளிகளில் மேலே வந்தவை எல்லாவற்றுக்கும் கண் தாவியது. கீழே வந்த ஒன்றுக்குக்கூடத் தாவவில்லை. சென்சாரை மறுபடி சரிபார்த்தேன். எனக்கு, அம்மாவுக்கு, ஜானகியம்மாளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அவரைத் திரும்ப உட்கார வைத்தேன். அதே கதை.

கீழே புள்ளி வந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். வந்தது, பார்த்தேன், நான் என்ன குருடனா என்று சீறினார். பிறகு எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி, "இது உங்கக்கா படம்தானே?" என்றார்.

ஆக, தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே உட்கார்ந்து, வேண்டுமென்றே கீழே பார்க்காமல் இருந்திருக்கிறார். உன் வயலைப் பார்க்க மாட்டாராம். இந்தப் பிடிவாதத்தை எந்த மெஷினும் அளக்க முடியாது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம். பதிவை இணைத்திருக்கிறேன். என்னவோ செய்துகொள்.

விஷ்ணு


மட்டாஞ்சேரி
17 ஜூன் 2025

விஷ்ணு,

நேற்றிலிருந்து அப்பாவின் பதிவையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஸ்டுடியோவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மேலே பனைமரங்கள் அப்படியே நிற்க, காலடியில் நிலம் முழுக்கப் போய்விடுகிறது. அவர் குரல் மட்டும் "பயிர் நல்லா வந்திருக்கு" என்கிறது. இத்தனை பேரை உட்காரவைத்து நான் தேடியது இதைத்தான். காட்சிக்கூடத்தின் நடுச்சுவரில் இதைத்தான் போடப் போகிறேன். தலைப்புகூட முடிவு செய்துவிட்டேன்: "பார்க்க மறுத்தவர்".

என் பிரிண்ட்களை மிதித்துவிட்டுப் போனவர் என் படைப்புக்கே நடுச்சுவராக வந்து நிற்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. நீ எழுதிய மாதிரி வேண்டுமென்றே பார்க்காமல் இருக்க நானும் முயற்சி செய்து பார்த்தேன். முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் புள்ளி மின்னினால் கண் போய்விடுகிறது, நாம் வேண்டாம் என்று நினைப்பதற்கு முன்பே. ஸ்டுடியோவில் ஒருவராலும் முடியவில்லை. அவரால் மட்டும் எப்படி முடிந்தது? கேட்டுச் சொல். அவர் சொல்ல மாட்டார். இருந்தாலும் கேள்.

பு.


மந்தாரக்குப்பம்
20 ஜூன் 2025

அக்கா,

அவரிடம் கேட்கவில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

நான் கவனித்ததை மட்டும் எழுதுகிறேன். சாப்பிடும்போது மோர் டம்ளரைத் தட்டுக்கு முன்னால், அவர் பக்கமாக நெருக்கி வைத்தேன். சாம்பார்க் கிண்ணத்துக்குக் கை நீட்டும்போது தட்டிவிட்டார். அம்மா, எப்போதும் இதே வேலைதான், ஒரு நிதானம் கிடையாது என்று திட்டிக்கொண்டே துடைத்தார். எப்போதும் என்றால் எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ரிடையர் ஆனதற்கு முன்னாலிருந்தே என்றார். படி இறங்கும்போது பார்த்தேன். ஒவ்வொரு படியையும் பெருவிரலால் தடவிவிட்டுத்தான் காலை வைக்கிறார்.

பிறகு வேன். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா மாரியம்மாளை உனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவர் வண்டியைச் சுற்றிவந்து பானெட்டைத் தட்டினால்தான் அப்பா வண்டியை நகர்த்துவார். மந்தாரக்குப்பமே இதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டுகிறது, இப்படி ஒரு உஷாரான டிரைவர் உண்டா என்று. நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு மாரியம்மாளைக் கேட்டேன். "அவுருதாங்க சொன்னாரு. நீ தட்டாம நா எடுக்க மாட்டேன், நீ மறந்தா நா மறந்த மாதிரின்னு."

அக்கா, அவர் பார்க்க மறுக்கவில்லை. அவருக்குக் கீழே தெரியவில்லை. நேரே பார்க்கிறது தெரிகிறது, பேப்பர் படிக்கிறார், போர்டு படிக்கிறார், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நமக்கு வந்திருக்க வேண்டும். அவர் எதைச் செய்யாவிட்டாலும் பிடிவாதம் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

உன் பிரிண்ட்கள் தரையில் இருந்தன. நீயே யோசித்துக்கொள்.

திங்கட்கிழமையிலிருந்து மாரியம்மாளுக்கு ஒரு வாரம் லீவு, மகள் கல்யாணம். பதிலுக்கு ஆள் இல்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் எல்லாம் பம்பர் உயரம்தான் இருக்கும்.

நீ வா. வந்து நீ சொல். உன் மெஷின், உன் படம். என்னால் அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

விஷ்ணு


மட்டாஞ்சேரி
21 ஜூன் 2025

விஷ்ணு,

எல்லோரிடமும் மூஞ்சிக்கு நேரே பேசுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நீ. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசரிடம் அவர் கணக்குத் தப்பு என்று சொன்னவன். இதற்கு மட்டும் அக்கா வேண்டுமா?

நான் வந்து சொன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? பழைய கோபத்துக்கு வண்டியைப் பிடுங்க வந்திருக்கிறாள் என்பார். நான் அதற்குப் பதில் சொல்வேன். அவர் இன்னும் கத்துவார். திங்கட்கிழமை காலையில் அந்த ரோஷத்திலேயே வண்டியை எடுப்பார். என் அப்பாவை எனக்குத் தெரியும். தெரியும் என்று எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

பிரிண்ட்களைப் பற்றி இப்போது என்னால் யோசிக்க முடியாது. அதைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வேன் தெருவில் இறங்கக் கூடாது. எப்படியாவது செய். எனக்கு எழுதிக்கொண்டு உட்காராதே.

பு.


மந்தாரக்குப்பம்
27 ஜூன் 2025

அக்கா,

எப்படியாவது செய் என்றாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேனின் ஃப்யூஸை உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் செய்த வீரச்செயல் அதுதான்.

திங்கட்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பிள்ளைகளை அவரவர் அப்பாமார் பைக்கில் கொண்டுபோய் விட்டார்கள். அப்பா மெக்கானிக் ஷேக் தாவூதைக் கூட்டிவந்தார். அவர் கையை விட்டு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: "சிங்காரண்ணே, இது ரிப்பேர் இல்ல. யாரோ ஃப்யூஸ உருவியிருக்காங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "நீயா?"

"ஆமா."

"எதுக்குடா?"

இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "உங்களுக்குக் கீழே தெரியலப்பா" என்றேன். ஷேக் தாவூத் ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, கூலிகூடக் கேட்காமல் நடந்துவிட்டார். அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, யார் கண்டுபிடித்தது, அவளா என்று கேட்டார். மெஷின் என்றேன். மெஷின் அவளோடதுதானே என்றார்.

புதன்கிழமை பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பார்வைப்பரப்பை அளக்க ஒரு கருவி இருக்கிறது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி, உள்ளே முகத்தை வைத்து நேரே பார்க்க வேண்டும், சின்ன வெளிச்சம் எங்கே வந்தாலும் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். உன் மஞ்சள் புள்ளிதான், டாக்டர் வைத்திருப்பது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? வெளிச்சம் வந்தாலும் அமுக்கினார், வராவிட்டாலும் அமுக்கினார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிறவர் மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார். வெளிச்சமே இல்லாதபோதுகூட அமுக்குகிறீர்களே சார், தெரிந்தால் மட்டும் அமுக்குங்கள் என்று டெஸ்ட் எடுக்கும் பெண் கெஞ்சினார். மறுபடி வைத்தார்கள். மறுபடி அதே. எனக்கு அந்தப் பட்டனைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. வெளியே கூட்டிவந்து, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்றார்.

மூன்றாவது தடவை ஒழுங்காகச் செய்தார். அந்தத் தடவை கை அமுக்கியதைவிடச் சும்மா இருந்த நேரம்தான் அதிகம். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிண்ட் வந்தது. இரண்டு கண்ணுக்கும் கீழ்ப்பாதி கறுப்பு.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது. பல வருஷமாக நடந்திருக்கும், நடுப்பார்வை நன்றாக இருந்ததால் எழுத்துப் பலகையில் எல்லாம் படித்திருப்பார், அதனால் யாருக்கும் தெரியாது என்றார் டாக்டர். போனது வராது. இருப்பது போகாமலிருக்கத் தினமும் சொட்டு மருந்து. வண்டி ஓட்டக் கூடாது. இந்த ஸ்கூல் வருஷம் மட்டும் ஓட்டிக்கொள்ளட்டுமா என்று அப்பா கேட்டார். இன்றைக்கே கூடாது என்றார் டாக்டர்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், உன் பாஷையில் சொன்னால் மூஞ்சிக்கு நேரே கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு அவ படத்த மிதிச்சது தெரிஞ்சேவா?"

"மிதிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

"அப்ப சொல்லியிருக்கலாமேப்பா, பாக்கலன்னு."

"பாக்கலன்னு சொல்லியிருந்தா உங்கம்மா மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பா. ரிடையர் ஆனதும் ஓட்டறதுக்கு அப்பத்தான் வேனுக்குச் சொல்லி வெச்சிருந்தேன். திமிருன்னு நெனைச்சா வெறும் கோவம்தானேடா. பொண்ணு கோவம் நாலு நாள்ல தீந்துடும்னு நெனைச்சேன்."

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

இப்போது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் என்ன எழுதுவது என்று இரண்டு நாளாக வீட்டில் யுத்தம். வேன் ரிப்பேர் என்று போடு, பிறகு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளை நம்பி அனுப்பியவர்கள் அவர்கள். நீங்களே எழுதுங்கள், உண்மையை எழுதுங்கள் என்றேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னோடு பேசுவதில்லை. அம்மா நடுவில் மாட்டிக்கொண்டார். ஒரு வழியாக அந்த இடத்தை நான் காலி செய்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அந்தப் பதிவை நீ காட்சியில் வைக்கக் கூடாது. கேட்கவில்லை, சொல்கிறேன்.

விஷ்ணு


மட்டாஞ்சேரி
30 ஜூன் 2025

விஷ்ணு,

ஆத்திரம்தான் வருகிறது. உன் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாமல் இரண்டு நாளாகப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாலு நாளில் தீர்ந்துவிடும் என்று நினைத்தாராம். மூன்று வருஷம். நான் செய்த வேலையெல்லாம் அந்த ஒரு மிதியிலிருந்து செய்தது. இந்த மனிதர்கள் பார்க்க மாட்டோம் என்று அடம்பிடிக்கிறார்கள், இவர்கள் கண்ணையே இவர்களுக்குக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். ஜானகியம்மாளை, அசீமை, எல்லோரையும் அந்தக் கோபத்தோடுதான் உட்கார வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தலைப்பு வைத்ததும் அதே கோபம்தான். தரையில் கிடந்ததைப் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வண்டியா மகளா என்று வந்தபோது, மகள் திரும்பி வருவாள், வண்டி வராது என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. நான்தான் போகவில்லையே.

பதிவைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். நீ சொன்னதற்காக எடுத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அழிப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை முழுக்க ஓட்டிப் பார்த்தேன், அதையும் மறைக்க மாட்டேன். அதைப் போல ஒன்று எனக்கு இனிமேல் கிடைக்காது. நடுச்சுவர் இப்போதைக்குக் காலி. அங்கே என்னுடைய பதிவையே போடலாமா என்று யோசிக்கிறேன். நானும் உட்கார்ந்தேன், என் வயலும் போனது, நானும் கவனிக்கவில்லை.

நேற்று மத்தியானம் போனில் ஒரு மெசேஜ். அப்பாவிடமிருந்து. பெற்றோர் குழுவுக்குப் போட்டதை அப்படியே எனக்கும் தள்ளியிருக்கிறார். நீ பார்த்திருப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது:

"பெற்றோர்களுக்கு வணக்கம். எனக்குக் கண்ணில் கீழ்ப்பக்கம் பார்வை இல்லை. கொஞ்ச காலமாகவே இல்லை. தெரிந்தும் ஓட்டினேன். இனி நான் வேன் ஓட்ட மாட்டேன். வேறு டிரைவர் வரும்வரை பிள்ளைகளை நீங்களே கொண்டுவந்து விடவும். சிங்காரவேலு."

அவ்வளவுதான். எனக்கென்று மேலே ஒரு வார்த்தை இல்லை, கீழே ஒரு வார்த்தை இல்லை. வேனில் பிள்ளையை அனுப்பிய ஒருத்திக்கு என்ன சொன்னாரோ அதுவேதான் எனக்கும்.

நிறைய எழுதினேன், நிறைய அழித்தேன். கடைசியில், "என்ன சொட்டு மருந்து?" என்று மட்டும் அனுப்பினேன்.

உடனே ஒரு போட்டோ வந்தது. உள்ளங்கையில் பாட்டில். நல்ல வெளிச்சம், ரேகைகூடத் தெளிவாகத் தெரிகிறது. மருந்தின் பெயர் இருக்கும் பக்கம் மட்டும் அந்தப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. என்ன மனிதர் இவர்.

மருந்தின் பெயரைப் பார்த்துச் சொல்லும்படி உன்னிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். வேண்டாம். பாட்டிலைத் திருப்பி வைத்து இன்னொன்று எடுங்கப்பா என்று அவருக்கே எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அவர் எழுதிக்கொண்டிருப்பதாக மட்டும் போன் ரொம்ப நேரமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

பு.